நடந்தே பார்த்துவிடலாம்

பிலடெல்பியா
4 அக்டோபர் 1925

அன்புத் தங்கை கமலாட்சிக்கு அண்ணன் நல்லையா எழுதுவது.

இங்கே நானும் என் அடுப்பும் சுகம். அங்கே நீயும் உன் மாமியாரும் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். போன மழைக்கு ஒழுகிய கூரையை மாற்றினீர்களா?

ஒரு சேதி சொல்லத்தான் இந்தக் கடிதம். இந்தத் தேசம் வெள்ளைக்கார ராஜாவிடமிருந்து பிரிந்து அடுத்த வருடத்தோடு நூற்றைம்பது வருடமாகிறது. அதற்காக எங்கள் ஊரில் பெரிய பொருட்காட்சி வைக்கிறார்கள். நான் சமைக்கும் விடுதிக்கு வருகிற மாலுமிகளுக்கெல்லாம் அதே பேச்சுத்தான். எல்லாத் தேசத்துக் கடைகளும் வருமாம். பர்மாக் கடை உண்டா என்று கேட்டேன். பர்மா எங்கே இருக்கிறது என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். நீ பூப்போட்ட குடை ஒன்று கையில் இருந்திருந்தால் விரித்துக் காட்டியிருப்பேன்.

நீ வந்து பார்க்க வேண்டும் கமலா. ஆலோன் படகுத்துறையில் பாரம் சரிந்து மாப்பிள்ளை அருணாசலம் போய்ச் சேர்ந்து நாலு வருடமாகிறது. அன்றிலிருந்து நீ குடைப் பட்டறை உண்டு, வீடு உண்டு என்று அந்த ஒரே தெருவில் இருக்கிறாய். நம் அப்பா அம்மா இருந்தால் உன்னை இப்படி விட்டிருக்க மாட்டார்கள்.

இது பெரிய ஊர்தான். ஆனால் பழைய ஊர் முழுவதையும் நடந்தே பார்த்துவிடலாம். நம் ரங்கூன் மாதிரியே ஆற்றங்கரையிலிருந்து கட்டம் கட்டமாகத் தெருக்கள். ஒரு பக்கம் போகிற தெருவுக்கெல்லாம் நம்பர். குறுக்கே போகிற தெருவுக்கெல்லாம் மரத்தின் பெயர். எண்ணத் தெரிந்தால் போதும், வழி தவறாது. செங்கல் வீடுகள், செங்கல் நடைபாதை. வந்த புதிதில் வேலை முடிந்ததும் சும்மா நடப்பேன். இந்த ஊர்தான் எனக்குத் துணையாக இருந்தது.

நான் அங்கே வர வழியில்லை. ஒரு முறை கிளம்பிவிட்டால் நம் ஆட்களுக்குத் திரும்பக் கதவு திறக்க மாட்டார்கள், சட்டம் அப்படி. பொருட்காட்சிக்குக் கடை கொண்டு வருபவர்களை மட்டும் விடுவார்களாம். யோசித்துப் பார்.

உன் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்.

அண்ணன்
நல்லையா


காளியம்மன் துணை
பசுந்தாங், ரங்கூன்
22 நவம்பர் 1925

அன்புள்ள அண்ணனுக்குக் கமலாட்சி வணங்கி எழுதுவது.

கூரை மாற்றியாகிவிட்டது. அத்தைக்கு முழங்காலில் வலி உண்டு, வாயில் ஒரு வலியும் இல்லை. நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் குளிருக்குக் கம்பளிச் சட்டை வாங்கிக்கொண்டீர்களா?

உங்கள் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். தெருவுக்கு நம்பர் என்ற இடத்தை இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார். “அப்ப அந்த ஊர்ல தொலஞ்சு போக முடியாதா?” என்றார். முடியாது அத்தை என்றேன். “அப்ப ஊரு பரவாயில்ல” என்றார்.

அமெரிக்கா வருவதாவது என்று சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன். ஆனால் மறு வாரமே மொகல் தெரு பீர் முகைதீன் முதலாளியின் கிளார்க் ஒருவர் பட்டறைக்கு வந்தார். நம் பட்டறைக் குடைகளை வாங்கி வெளித்தேசம் அனுப்புவது அந்த முதலாளிதான், உங்களுக்குத் தெரியும். நீங்கள் எழுதிய அதே பொருட்காட்சியில் முதலாளி கடை போடுகிறாராம். சும்மா அடுக்கி வைத்தால் யாரும் நிற்க மாட்டார்கள், ஒருவர் அங்கேயே உட்கார்ந்து பூப் போட்டால் கூட்டம் சேரும் என்று அந்தக் கிளார்க் மாரிச்சாமி சொன்னார். சொல்லிக்கொண்டே வண்ணம் காயாத குடை ஒன்றை எடுத்து விரித்து மார்போடு சாய்த்துக்கொண்டார். வெள்ளைக் கோட்டில் சிவப்புத் தாமரை ஒன்று அப்படியே பதிந்துவிட்டது. கோட்டைப் பார்க்கிறார், குடையைப் பார்க்கிறார், என்ன செய்வதென்று தெரியவில்லை. அத்தை சிரித்த சிரிப்பில் அடுத்த பட்டறைப் பெண்கள் எழுந்து வந்துவிட்டார்கள். அத்தை அப்படிச் சிரித்து ரொம்ப நாளாயிற்று.

என்னை வரச் சொல்லிக் கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். இப்போதைக்கு அவ்வளவுதான்.

தங்கை
கமலாட்சி


பிலடெல்பியா
10 ஜனவரி 1926

அன்புத் தங்கைக்கு,

கம்பளிச் சட்டை இருக்கிறது, கவலைப்படாதே. வெளியே பனி முழங்கால் வரை கிடக்கிறது. உன் கடிதம் வந்த நேரம் அடுப்பில் மீன் இருந்தது. படித்து முடிப்பதற்குள் கருகிவிட்டது. விடுதிக்காரம்மா திட்டினாள். என் தங்கை வருகிறாள் என்றேன், திட்டுவதை நிறுத்திவிட்டாள்.

யோசிக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். நான் உனக்காகத் திட்டமே போட்டுவிட்டேன். முதல் நாள் ஆற்றங்கரையில் தொடங்குவோம். அங்கே ஒரு சந்து இருக்கிறது, நம் பசுந்தாங் சந்துகளைவிடக் குறுகல். இருபுறமும் சின்னச் சின்ன வீடுகள், இந்தத் தேசம் பிறப்பதற்கு முன்பே கட்டியவை, இன்னமும் ஆட்கள் குடியிருந்து துணி காயப் போடுகிறார்கள். அங்கிருந்து மெதுவாக நடந்தால் பழைய மண்டபம். அதற்குள்தான் விரிசல் விட்ட மணி இருக்கிறது. அடிக்க முடியாத மணியைப் பார்க்க இத்தனை ஜனம் வருகிறதே என்று எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு நானே பல தடவை போய்ப் பார்த்துவிட்டேன். களைத்தால் உட்கார மரநிழலோடு ஒரு சதுக்கம் இருக்கிறது. பசித்தால் ஒன்பதாம் தெருச் சந்தை. இத்தாலிக்காரர்கள் நடத்துவது. பூண்டு, மிளகாய், கருவாடு எல்லாம் கிடைக்கும், நாற்றமடிக்கிற நம் மீன் விழுது ஙாப்பி மட்டும் கிடைக்காது. கொஞ்சம் கொண்டு வா, நன்றாகக் கட்டிக் கொண்டு வா, கப்பல்காரர்கள் கடலில் எறிந்துவிடப் போகிறார்கள்.

பொருட்காட்சி அலுவலகத்துக்கு நேரிலேயே போய் விசாரித்தேன். கடையோடு வருகிற வேலைக்காரர்களுக்குத் தடையில்லை, பொருட்காட்சி முடிந்ததும் திரும்பிப் போய்விட வேண்டும், அவ்வளவுதான் என்றார்கள்.

பதில் சீக்கிரம் போடு. உன் மாமியாரின் முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சுடவைத்துத் தேய்க்கச் சொல்.

நல்லையா


காளியம்மன் துணை
பசுந்தாங்
26 பிப்ரவரி 1926

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் பனியை நினைத்துக்கொண்டே இங்கே வேர்வையைத் துடைத்துக்கொண்டு எழுதுகிறேன். எல்லோரும் சுகம். அத்தைக்கு எண்ணெய் தேய்க்கிறேன், பலன் தெரிகிறது.

நான் வருவதாக முதலாளியிடம் சொல்லிவிட்டேன். 

நீங்கள் எழுதிய வழியை எல்லாம் கோ மாரிச்சாமி சுண்ணாம்புக் கட்டியால் பட்டறைத் தரையில் வரைந்துவிட்டார். அவரிடம் பொருட்காட்சிக்காரர்கள் அனுப்பிய ஊர்ப் படம் ஒன்று இருக்கிறது. நம் பட்டறையில் ஒரு சுவர் ஆறு, வாசற்படி சந்தை. நடுவில் தெருக்கள். அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதன்மேல் நடந்தார். “இங்க என்ன விக்கிது?” என்பார். இது பழைய மண்டபம், இங்கே எதுவும் விற்காது என்று கோ மாரிச்சாமி சொல்வார். “அப்ப எதுக்கு இவ்வளவு பெரிய இடம்?” என்பார். தேநீர் கொண்டுவந்த பர்மாக்காரம்மா தா மியாவும் சேர்ந்து நடந்தாள். நான் வால்நட் தெருவில் நின்று அழிக்காமல் தாண்டிப் போங்கள் என்று கத்திக்கொண்டிருந்தேன். அன்று ஒரு குடைக்குக்கூடப் பூப் போடவில்லை.

கோ மாரிச்சாமிக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். எனக்கும் பள்ளிக்கூடத்தில் படித்தது மறந்துபோகாமல் இருக்க தினமும் நாலு வார்த்தை பேசச் சொல்கிறார். வாங்குகிறவர்கள் என்ன கேட்பார்கள், நான் என்ன சொல்ல வேண்டும் என்று அவர் வாங்குகிறவராக நின்று கேட்பார். தலையில் இல்லாத தொப்பியைக் கழற்றுவார். எனக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றுவிடும். அவருக்குத் தாயார் இல்லை, சின்ன வயதிலேயே போய்விட்டார்களாம். மதியம் நம் வீட்டில்தான் சாப்பிடுகிறார், அத்தை சொன்னதால்.

இன்னொன்று. அத்தை தினமும் காலையில் ராயல் ஏரியைச் சுற்றி நடக்கிறார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. 

கமலாட்சி


பிலடெல்பியா
11 ஏப்ரல் 1926

அன்புத் தங்கைக்கு,

பனி உருகிவிட்டது. நான் சுகம், விடுதிக்காரம்மாவும் சுகம். நீ எந்தக் கப்பலில் வருகிறாய் என்று தினமும் கேட்கிறாள்.

பொருட்காட்சி மைதானத்தைப் போய்ப் பார்த்தேன். அடுத்த மாதக் கடைசியில் திறப்பு விழா என்கிறார்கள், பாதிக் கட்டடத்துக்குக் கூரையே இல்லை. எங்கும் சேறு. நீங்கள் ஆற அமரக் கிளம்பலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. ஊருக்கு நடுத்தெருவில் மட்டும் மணி மாதிரியே பிரமாண்டமாக ஒன்று கட்டி, உடம்பெல்லாம் மின்சார விளக்கு மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு அடியில் மோட்டார் வண்டிகள் போகும்.

அது கிடக்கட்டும். நவம்பரில் எனக்கு எழுதும்போது “கிளார்க் மாரிச்சாமி” என்று எழுதினாய். பிப்ரவரியில் பர்மாக்காரர்கள் போல் மரியாதை சேர்த்துக் “கோ மாரிச்சாமி” ஆகிவிட்டார். ஒரே கடிதத்தில் அவர் பெயர் வந்த அளவுக்கு அண்ணன் பெயர் வரவில்லை. அடுத்த கடிதத்தில் எந்த மரியாதையோடு வரப்போகிறார் என்று வெங்காயம் நறுக்கிக்கொண்டே யோசிக்கிறேன்.

நான் உன் அண்ணன். கேட்கலாம் அல்லவா? தப்பாக ஒன்றுமில்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

நல்லையா


பசுந்தாங்
30 மே 1926

அண்ணனுக்கு வணக்கம்.

எல்லோரும் சௌக்கியம். இங்கே மழை பிடித்துவிட்டது. குடைகளைப் பெட்டி கட்டியாகிவிட்டது. நான் வரவில்லை. பூப் போட முதலாளி வேறு ஆள் பார்த்துக்கொள்வார். உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்பட வேண்டாம்.

போன கடிதத்தில் நீங்கள் கேட்டிருந்ததற்கு எழுத ஒன்றும் இல்லை.

அத்தை ஏரியைச் சுற்றப் போயிருக்கிறார். மழையிலும் போகிறார்.

கமலாட்சி


பசுந்தாங்
6 ஜூன் 1926

தம்பி நல்லையாவுக்குக் கமலா மாமியா பாப்பம்மா சொல்லி எழுதுறது. நான் சொகமா இருக்கேன். நடக்க நடக்க முழங்கால் வலி விட்டுப் போச்சு. நீ வேளைக்குச் சாப்பிடு. ஊருக்கெல்லாம் சுடச்சுட ஆக்கிப் போட்டுட்டு நீ ஆறுனதத் திங்காத.

எழுதுறது யாருன்னு கடைசியில சொல்றேன்.

கமலா வரலன்னு உனக்கு எழுதிப் போட்டுட்டா. எனக்குத் தெரியாமத் தபால்ல போட்டுட்டு வந்து முகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தா. என்ன நடந்துச்சுன்னு நான் சொல்றேன். அந்த மாரிச்சாமிப் பையன் வைகாசி பொறந்ததும் எங்கிட்ட வந்தான். அவகிட்டக் கேக்கல, எங்கிட்டதான் மொதல்ல கேட்டான். “அம்மா, உங்க வீட்டுப் பொண்ண எனக்குக் கட்டித் தருவீங்களா”ன்னான். உங்க மருமகளன்னு கேக்கல, பாத்துக்க. உங்க வீட்டுப் பொண்ணுன்னான். எனக்கு அது பிடிச்சுப் போச்சு.

நான் போய் அவகிட்டச் சொன்னேன். வேண்டாம்னா. பிடிக்கலையாடின்னேன். அவனும் வர்ற கப்பல்ல நான் போகலன்னா, உனக்கு அந்தக் கடுதாசியும் போட்டுட்டா. ரெண்டு மூணு நாள் போச்சு. அப்புறம் குடைத் துணியில மழ எறங்காம இருக்க ரெண்டு பேருமாக் காய்ச்சாறு பூசிக்கிட்டு இருந்தோம். தலையக் குனிஞ்சுக்கிட்டே, “நான் போயிட்டா உங்களுக்கு யாரு அத்த இருக்கா”ன்னா. தம்பி, எனக்கு அழுகையும் வந்துச்சு, கோவமும் வந்துச்சு. கையெல்லாம் சாறு, கண்ணத் தொடைக்கவும் முடியல.

“நீ எங்க போற, நான் எங்க இருக்கப் போறேன். மூணு பேருமா இருப்போம்”னேன். “மாமியார யாராச்சும் சீதனமாக் கொண்டு போவாங்களா”ன்னா. கொண்டு போறேன்னு அவனே சொல்றான், உனக்கென்னடின்னேன். அப்பத்தான் சிரிச்சா.

சொந்தக்காரங்க பேசுவாங்க. பேசட்டும். எம் புள்ள போன பெறகு நாங்க ரெண்டு பேரும் எப்படிக் கெடந்தோம்னு பாக்க ஒருத்தரும் வரல.

பீர் முகைதீன் மொதலாளிகிட்டயும் நானே போய்ப் பேசிட்டேன். பூப் போட ஒருத்தி, துணி ஒட்டிச் சாறு பூச ஒருத்தி, ரெண்டு பேரும் இருந்தாத்தான் பாக்குறவங்களுக்குப் புரியும்னேன். அவரு கொஞ்சம் யோசிச்சுட்டு, “நீங்க அவ்வளவு தூரம் வருவீங்களாம்மா”ன்னாரு. அந்த ஊர்ல எல்லாம் நடந்தே பாத்துடலாமாம், கால் நடக்குதான்னு பாக்கத்தான் தை மாசத்துல இருந்து ஏரியச் சுத்துறேன்னு சொன்னேன்.

இனி நீதான் சொல்லணும். அவளுக்கு ரத்த சொந்தம்னு நீ ஒருத்தன்தான். நீ சரின்னாத்தான் அவ மனசு ஆறும்.

இத எழுதுறது அந்த மாரிச்சாமிதான். வேற யாருகிட்டப் போவேன். பொண்ணு கேட்ட எடம் வந்தப்ப பேனா நின்னு போச்சு. எழுதுடான்னேன். எழுதிட்டான்.

ஐயா, அம்மா சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறேன். என் பங்குக்கு ஒன்று. கமலாட்சி எத்தனை வருடம் கழித்துச் சரி என்றாலும் காத்திருப்பேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அதை எழுதாதே, மிரட்டுகிற மாதிரி இருக்கும் என்றார். அவர் அடுப்படிக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து எழுதிவிட்டேன். மன்னிக்கவும். — மாரிச்சாமி


தந்தி
பிலடெல்பியா, 15 ஜூலை 1926

பூரண சம்மதம். மூவரும் வருக. கடிதம் பின்னால். நல்லையா


கொழும்புத் துறைமுகம்
28 ஆகஸ்டு 1926

அன்புள்ள அண்ணனுக்குக் கமலாட்சி வணங்கி எழுதுவது.

கப்பலில் மூவரும் சுகம். எனக்கு மட்டும் முதல் இரண்டு நாள் தலைசுற்றல். நீங்கள் பின்னால் என்று சொன்ன கடிதம் நாங்கள் கிளம்பும்வரை வரவில்லை. தந்தியைத்தான் கையோடு எடுத்து வந்திருக்கிறேன்.

ஆடி முடியட்டும் என்று பொறுத்து, ஆவணி பிறந்ததும் காளியம்மன் கோயிலில் அவர் எனக்குத் தாலி கட்டினார். பெரிய கூட்டம் இல்லை. முதலாளியும் அவர் மனைவி கரீமாவும் வந்து எங்கள் வீட்டுப் பந்தியில் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். அதைப் பார்த்ததும் வரமாட்டோம் என்றிருந்த சொந்தக்காரர்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். அத்தை யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தானே நின்று பாயசம் ஊற்றினார். தா மியா எனக்குக் கன்னத்தில் தனாக்காச் சாந்து அரைத்துப் பூசி விட்டாள். தாலி ஏறும்போது நான் அத்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அழவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு, உதட்டை அழுத்திக்கொண்டு நின்றார். முடிந்ததும் முதலில் அவர் காலில்தான் விழுந்தோம். “போதும் எந்திரிங்க, கப்பல் போயிரும்” என்றார். கப்பலுக்கு இரண்டு நாள் இருந்தது.

போன மாதங்களில் உங்களுக்குச் சரியாக எழுதாததற்கு வருத்தப்படாதீர்கள். எழுத உட்கார்ந்தால் எதை எழுதுவது என்று தெரியவில்லை. இப்போது எழுதுகிறேன். நான் சந்தோஷமாக இருக்கிறேன் அண்ணா.

அத்தை கப்பல் தளத்தில் காலையும் மாலையும் நடக்கிறார். மாலுமிகள் அவருக்கு வழிவிட்டு ஒதுங்குகிறார்கள். அவர் என் பக்கத்தில் நின்று, உங்களுக்குக் கருவேப்பிலை காயவைத்து எடுத்து வந்திருப்பதை எழுதச் சொல்கிறார்.

கமலாட்சி

அவரும் உங்களுக்கு வணக்கம் சொல்கிறார்.


பிலடெல்பியா
19 டிசம்பர் 1926

அன்புத் தங்கை கமலாட்சிக்கும் மாப்பிள்ளைக்கும் பாப்பம்மா அம்மாவுக்கும் நல்லையா எழுதுவது.

நீங்கள் கப்பல் ஏறிப் பத்து நாள்கூட ஆகவில்லை. இந்தக் கடிதம் உங்களுக்குப் பின்னாலேயே ஓடிவந்து ரங்கூனில் பிடிக்கும் என்று நினைக்கிறேன். கடல் அமைதியாக இருந்ததா? மாப்பிள்ளையின் இருமல் நின்றதா? நான் சுகம்.

உங்கள் முன்னால் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன். நீங்கள் வந்த அன்று கப்பல் மறுநாள்தான் என்று நம்பி நான் அடுப்படியில் இருந்தேன். கொட்டுகிற மழை. வாசலில் ஏதோ சத்தம் என்று விடுதிக்காரம்மா கூப்பிட்டாள். மாவுக் கையோடு போய்ப் பார்த்தால் செங்கல் தெருவில் அம்மா முன்னால் வருகிறது, நீங்கள் இருவரும் பெட்டியோடு பின்னால். என்னை அதற்கு முன் அம்மா பார்த்ததே இல்லை. நேரே வந்து என் தோளைத் தொட்டு, “எளச்சுப் போயிருக்க” என்றது. பத்து வருடமாக என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. நீ அழுதாய், மாப்பிள்ளை பெட்டியைக் கீழே வைக்க மறந்து நின்றார். நான் உள்ளே போய் அடுப்பைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இந்த வருட மழையைப் பற்றி ஊரே புலம்புகிறது. பொருட்காட்சி மழையில் கரைந்து போய்விட்டது, நஷ்டம் என்று பத்திரிகையில் போடுகிறார்கள். உங்கள் கடையில் மட்டும் ஈரத் தொப்பியோடு ஓடி வந்தவர்கள் குடையோடு போனார்கள். அம்மா சாறு பூசும் வாசனைக்கு மூக்கைப் பொத்தியவர்கள்கூட, நீ பூப் போட ஆரம்பித்ததும் கையை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். கடைசி வாரம் விற்கக் குடை இல்லாமல் மாப்பிள்ளை வெறும் மேஜைக்குப் பின்னால் நின்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாரே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அம்மா அந்த விரிசல் மணியைச் சுற்றி வந்து, “அடிக்கலன்னா என்ன, பத்திரமா வச்சிருக்காங்கல்ல” என்று சொன்னதைக் காவலாளிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவன் தொப்பியைத் தொட்டு வணக்கம் வைத்தான்.

நீங்கள் போன பிறகு ஒரு வாரம் நான் நடக்கவே போகவில்லை. நேற்றுத்தான் வெங்காயம் தீர்ந்துபோய் ஒன்பதாம் தெருச் சந்தைக்குப் போனேன். அம்மா தினமும் சண்டை போட்டுப் பூண்டு வாங்கிய அந்த இத்தாலிக்காரியை நினைவிருக்கிறதா? அவள் அவள் பாஷையில் கத்துவாள், அம்மா நம் பாஷையில் கத்தும், கடைசியில் இருவரும் சிரித்துக்கொண்டு கையைப் பிடித்துக்கொள்வார்கள். என்னைத் தனியே பார்த்ததும் அவள் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

“உன் அம்மா எங்கே?” என்று கேட்டாள்.

ஊருக்குப் போயிருக்கிறது என்றேன்.

அவள் வெங்காயத்தை நிறுத்துக் கட்டினாள். பிறகு காசு வாங்காமல் ஒரு கைப் பூண்டை அள்ளி என் பையில் போட்டாள். அம்மாவுக்குக் கடிதம் போட்டால் நான் விசாரித்ததாக எழுது என்றாள்.

எழுதிவிட்டேன். அம்மாவிடம் சொல்.

நல்லையா